அட்டவணைகளைப் பற்றிய அட்டவணை: ஒரு மதிப்பீடு

நல்ல ஆய்வு நூல் ஒன்றைக் கையில் எடுப்பவர்கள் முதலில் அதன் இறுதிப் பக்கங்களைப் புரட்டுவதுண்டு. அங்கே சொல்லடைவு ஒழுங்காக அமைந்திருந்தால், வேண்டிய செய்தியை நொடியில் எட்டிவிடலாம். கணிப்பொறியில் சேமிக்கப்படும் தகவல் தளங்களிலும் இத்தகைய அடைவுகள் உண்டு. இவற்றை இண்டெக்ஸ் என்று அழைக்கின்றனர். அடைவு எவ்வாறு வேலை செய்கிறது என்று விளக்கும் நூல்கள் பல. ஆனால் ஒரு தகவல் தளத்தில் எந்தெந்த அடைவுகள், எந்தெந்த நிரல்களின் மீது அமைந்துள்ளன என்பதை அத்தளத்திடமே கேட்டு அறிவது எப்படி, அது தரும் விடை எவ்வளவு நம்பத்தக்கது என்று ஆராய்வோர் சிலரே. இக்கட்டுரை அந்த ஆராய்ச்சியை மேற்கொள்கிறது.

அடைவின் பயன்

அணிக் கணக்குகளில் நிரை, நிரல் என்று நாம் படித்திருக்கிறோம். தகவல் தளத்தின் அட்டவணைகளும் அப்படிப்பட்டவையே. ஒரு பல்கலைக் கழகத்தின் தேர்வு அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதில் பதிவெண், பருவம், பாடம், மதிப்பெண் என நான்கு நிரல்களும், 10 லட்சம் நிரைகளும் இருப்பதாகக் கொள்வோம். குறிப்பிட்ட ஒரு பதிவெண்ணைத் தேட, அடைவு இல்லாவிடில் 10 லட்சம் நிரைகளையும் படித்தாக வேண்டும். அடைவு இருந்தால் சில படிகளே போதும். ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்னும் இருவர் போயிங் நிறுவன ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, 1972இல் விரிவாக வெளியிட்ட 'பி-மரம்' என்னும் அமைப்பே இன்றும் பெரும்பாலான அடைவுகளுக்கு அடிப்படை. மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் 100 கிளைகள் பிரிவதாகக் கொண்டால், 100 × 100 × 100 = 10,00,000. அதாவது மூன்றே படிகளில் தேடிய நிரையை அடைந்துவிடலாம்.

ஆனால் அடைவு இலவசமாகக் கிடைப்பதன்று. அட்டவணையில் ஒரு நிரையைச் சேர்க்கும்போதெல்லாம் அதன் மீதுள்ள அடைவுகளிலும் பதிவு செய்ய வேண்டும். பத்து அடைவுகள் இருந்தால் பத்து வேலைகள். ஆகவே தேவையற்ற அடைவை நீக்குவதும், தேவையானதைச் சேர்ப்பதும் தகவல் தளத்தைப் பராமரிப்போரின் அன்றாடப் பணி. அதற்கு முதற்படி, இப்போது என்ன உள்ளது என்று அறிவது. இந்த முதற்படியில்தான் இடறல் ஏற்படுகிறது.

அளித்த வாக்குறுதி

ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணித அறிஞர் 1970இல் வெளியிட்ட ஆய்வுரையே இன்றைய அட்டவணைவழித் தகவல் தளங்களுக்கு வித்து. அவர் 1985 அக்டோபரில் கம்ப்யூட்டர் வேர்ல்டு இதழில், ஒரு தகவல் தளம் நிறைவு செய்ய வேண்டிய விதிகளை வரிசைப்படுத்தினார். அவற்றுள் நான்காம் விதி நமக்கு இங்கே முக்கியமானது. தகவல் தளத்தைப் பற்றிய விவரங்களையும் மற்றத் தகவல்களைப் போலவே அட்டவணைகளாக வைக்க வேண்டும். மற்ற அட்டவணைகளைக் கேட்கும் அதே மொழியில் இவற்றையும் கேட்க முடிய வேண்டும் என்பது அதன் சாரம்.

எவ்வளவு அழகான கருத்து! மாணவரின் மதிப்பெண்ணைக் கேட்கும் அதே வாக்கிய அமைப்பில், 'இங்கே எத்தனை அட்டவணைகள் உள்ளன? அவற்றின் நிரல்கள் யாவை?' என்றும் கேட்கலாம். அட்டவணைகளைப் பற்றிய இந்த அட்டவணைகளின் தொகுதியே சிஸ்டம் கேட்டலாக் எனப்படுகிறது.

1992ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். தரநிர்ணயம் இதற்கு ஒரு பொது வடிவமும் தந்தது. 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' என்பது அதன் பெயர். எந்த நிறுவனம் செய்த தகவல் தளமாயினும், அட்டவணைகளின் பெயரும் நிரல்களின் பெயரும் அதில் ஒரே வகையில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் அந்தத் தரநிர்ணயத்தில் அடைவுகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். முதன்மைத் திறவு, அயல் திறவு ஆகியவற்றில் இடம்பெறும் நிரல்களைக் காட்டும் பட்டியல் உண்டு. அடைவுகளில் இடம்பெறும் நிரல்களுக்கு இல்லை. ஏனெனில் அடைவை உருவாக்கும் கட்டளையே அத்தரநிர்ணயத்தில் இடம்பெறவில்லை.

இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. அடைவு என்பது வேகத்துக்கான ஏற்பாடு. செய்தியின் பொருளோடு அதற்குத் தொடர்பில்லை. அடைவைச் சேர்த்தாலும் நீக்கினாலும் வினாவின் விடை மாறக்கூடாது. காட் அவர்களே 1970ஆம் ஆண்டு ஆய்வுரையில், அடைவுகள் வந்து போகும்போது நிரல்கள் எழுதியோரின் வேலை கெடக்கூடாது என்று வலியுறுத்தியிருக்கிறார். எனவே பொருளைப் பற்றிய தரநிர்ணயத்தில் அடைவுக்கு இடமில்லை என்பது அந்த வாதம்.

வாதத்தின் முற்பகுதி சரியே, முடிவு சரியன்று. பயன்படுத்தும் நிரல்தொடர் அடைவை நம்பியிருக்கக் கூடாது என்பது வேறு. பராமரிப்பவர் அடைவைக் காண ஒரு பொது வழி இருக்கக் கூடாது என்பது வேறு. வெப்பநிலை என்னும் கருத்து, நாம் எந்தக் கண்ணாடியில் வெப்பமானி செய்தோம் என்பதைப் பொறுத்ததன்று. ஆயினும் வெப்பமானியைச் சோதிப்பவருக்கு அதன் கண்ணாடியையும் அளவுக்கோடுகளையும் அறிய உரிமை உண்டு. இயற்பியலில் 1960இல் உலகம் ஒரே அலகு முறையை ஏற்றது. மீட்டருக்கும் கிலோகிராமுக்கும் நாட்டுக்கு நாடு வேறு விளக்கம் இல்லை. அடைவுகளைப் பொறுத்தவரை இன்றும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அலகு முறையை வைத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஐந்து பட்டியல்கள்

அவற்றுள் சிலவற்றை எடுத்து ஒப்பிடுவோம்.

ஆரக்கிள் தகவல் தளத்தில் 'யூசர் இண்ட் காலம்ன்ஸ்' என்னும் பட்டியல் உண்டு. அடைவின் பெயர், அட்டவணையின் பெயர், நிரலின் பெயர், அடைவில் அந்த நிரல் வகிக்கும் இடம் ஆகியவை ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு நிரை என்ற கணக்கில் கிடைக்கும். மை எஸ்.கியூ.எல்.லில் 'ஸ்டேடிஸ்டிக்ஸ்' என்னும் பட்டியலும் இவ்வாறே ஒரு நிரலுக்கு ஒரு நிரையும் ஒரு வரிசை எண்ணும் தருகிறது. புதிதாகப் படிப்பவரும் இவற்றை எளிதில் கேட்டு விடை பெறலாம். பட்டியலின் பெயர்தான் பொருத்தமில்லை. அடைவைத் தேடுபவர் புள்ளியியல் என்ற பெயருள்ள பட்டியலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

எஸ்.கியூ.எல். சர்வரில் செய்தி மூன்று பட்டியல்களில் பிரிந்து கிடக்கிறது. ஒன்று அடைவுகளுக்கு, ஒன்று நிரல்களுக்கு, ஒன்று இவ்விரண்டையும் இணைக்க. கோட்பாட்டின்படி இது குறை சொல்ல முடியாத அமைப்பு. ஆனால் அடைவின் எண் அந்தந்த அட்டவணைக்குள் மட்டுமே தனித்தன்மை உடையது. இரண்டு அட்டவணைகளிலும் எண் 2 உடைய அடைவு இருக்கலாம். எனவே இணைக்கும்போது அட்டவணை எண், அடைவு எண் இரண்டையும் பொருத்த வேண்டும். அட்டவணை எண்ணை மட்டும் பொருத்தினால், ஓர் அடைவின் நிரல்கள் அதே அட்டவணையின் பிற அடைவுகளுக்கும் உரியனவாகத் தோன்றும். பிழைச்செய்தி எதுவும் வராது. தவறான விடை மட்டும் வரும்.

போஸ்ட்கிரெஸ் தகவல் தளத்தின் 'பிஜி இண்டெக்ஸ்' பட்டியலில் ஓர் அடைவுக்கு ஒரே நிரை. அந்த அடைவின் நிரல்கள் அனைத்தும் 'இண்ட்கீ' என்னும் ஒரே கட்டத்தினுள் '2 3' என்பது போல எண்களின் சரமாக வைக்கப்பட்டுள்ளன. அந்த எண்களுக்கு உரிய பெயர்களை வேறொரு பட்டியலில் தேடிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பே இருக்க வேண்டும் என்பது காட் வகுத்த முதல் இயல்புநிலை. நமக்கு அதைக் கற்பிக்கும் தகவல் தளமே தன் சொந்தப் பட்டியலில் அதை மீறுகிறது. ஐ.பி.எம்.மின் டி.பி.2 தளத்திலும் ஒரு காலத்தில் நிரல்களின் பெயர்களைக் கூட்டல், கழித்தல் குறிகளால் ஒட்டி ஒரே சரமாகத்தான் வைத்தனர். கூட்டல் ஏறுவரிசை; கழித்தல் இறங்குவரிசை. பின்னர் ஒரு நிரலுக்கு ஒரு நிரை தரும் தனிப் பட்டியலும் அமைத்தனர்.

கைபேசிகளில் எல்லாம் இடம்பெற்றுள்ள எஸ்.கியூ.லைட், அடைவு விவரத்தைப் பட்டியலாகவே வைக்காமல், 'ப்ராக்மா' என்னும் தனிவகைக் கட்டளையால் பெறுமாறு செய்திருந்தது. அதே மொழியில் கேட்க வேண்டும் என்ற நான்காம் விதிக்கு இது பொருந்தாது. 2017இல் வெளிவந்த பதிப்பிலிருந்துதான் அவற்றைச் சாதாரண வினாவுக்குள்ளேயே பயன்படுத்தும் வசதி வந்தது.

வரிசை போனால் பொருள் போகும்

இந்த வேறுபாடுகள் வெறும் வடிவ வேறுபாடுகள்தாமே, கற்றுக்கொண்டால் போயிற்று என்று சிலர் கூறலாம். அப்படியன்று. வடிவம் தவறான வினாவுக்கு வழி திறந்துவிடுகிறது. போஸ்ட்கிரெசுக்குப் பலரும் எழுதும் வினா ஒன்றைப் பாருங்கள். 'இந்த நிரலின் எண், அடைவின் எண்சரத்தில் எங்கேனும் உள்ளதா?' என்று அது கேட்கிறது. உள்ளது எனில் பெயரைத் தருகிறது. வினா சுருக்கமானது, விடையும் வருகிறது. ஆனால் 'எங்கேனும்' என்று கேட்டவுடன் வரிசை தொலைந்து போகிறது.

வரிசைக்கு என்ன அவ்வளவு முக்கியம்? முன்பு வீடுகளில் இருந்த டெலிபோன் டைரக்டரியை நினைத்துப் பாருங்கள். அதில் பெயர் முதலில், முகவரி அடுத்து. 'கந்தசாமி' என்னும் பெயருடையோரை உடனே காணலாம். 'காந்தி தெரு'வில் வசிப்போரைக் காண வேண்டுமெனில் புத்தகம் முழுவதையும் படித்தாக வேண்டும். இரண்டு செய்திகளும் அதே புத்தகத்தில்தான் உள்ளன. எது முன், எது பின் என்பதே பயனைத் தீர்மானிக்கிறது.

நமது தேர்வு அட்டவணையில் (பருவம், பாடம்) என்று ஓர் அடைவும், (பாடம், பருவம்) என்று மற்றோர் அடைவும் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது, ஒரு பருவத்தின் எல்லாப் பாடங்களையும் தேட உதவும். இரண்டாவது, ஒரு பாடத்தின் எல்லாப் பருவங்களையும் தேட உதவும். மேற்சொன்ன வினா இரண்டுக்கும் ஒரே விடையையே தரும்: பருவம், பாடம். அதைப் பார்ப்பவர், ஒன்றே இருமுறை உள்ளது என்று முடிவு செய்து ஒன்றை நீக்கிவிடுவார். மறுநாள் இயற்பியல் பாடத்தின் முடிவுகளைக் கேட்பவருக்கு, நொடியில் வந்த விடை நெடுநேரம் காத்திருந்தும் வராது. பட்டியல் பொய் சொல்லவில்லை. பட்டியலின் அமைப்பு, தவறான வினாவைச் சரியான வினாவைவிட எளிதாக்கிவிட்டது. 2014இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.4 பதிப்பிலிருந்து எண்சரத்தை வரிசை எண்ணோடு பிரித்தெடுக்க ஒரு வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால் இக்குறை நீங்கும். ஆனால் அவ்வாறு எழுத, புதியவர் ஒருவர் மொழியின் கடைசிப் பாடம் வரை படித்திருக்க வேண்டும்.

நிரல் அல்லாத நிரல்கள்

மற்றொரு சிக்கலும் உண்டு. அடைவுகள் தொடக்கத்தில் நிரல்களின் மீது மட்டுமே அமைந்தன. காலப்போக்கில் கணக்கீடுகளின் மீதும் அமைக்கலாயினர். எடுத்துக்காட்டாக, பெயரைச் சிறிய எழுத்துகளாக மாற்றிய வடிவின் மீது ஓர் அடைவு அமைக்கலாம். அப்போது பட்டியலில் நிரலின் பெயருக்குரிய கட்டத்தில் எதை எழுதுவது? போஸ்ட்கிரெஸ் அங்கே சுழியை இடுகிறது. எஸ்.கியூ.லைட் −2 என்னும் எண்ணை இடுகிறது. மை எஸ்.கியூ.எல். பெயரை வெறுமையாக விட்டு, கணக்கீட்டை வேறு கட்டத்தில் தருகிறது. ஆரக்கிள் தானே ஒரு மறைவான பெயரைச் சூட்டி, உண்மையான கணக்கீட்டை வேறொரு பட்டியலில் வைக்கிறது. சுழியாம் எண்ணுடைய நிரல் எதுவும் இல்லாததால், பெயர்களோடு இணைக்கும் சாதாரண வினாவில் அந்த அடைவின் அப்பகுதி ஓசையின்றி மறைந்துவிடும். ஒரே கணக்கீட்டின் மீது மட்டும் அமைந்த அடைவாயின் முழுவதுமே காணாமற் போகும்.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. சில தளங்களில், தேடுவதற்கன்றி உடன் எடுத்துச் செல்வதற்காக மட்டும் சில நிரல்களை அடைவில் சேர்க்கலாம். எஸ்.கியூ.எல். சர்வரில் 2005 முதலும், போஸ்ட்கிரெசில் 2018இல் வந்த 11ஆம் பதிப்பு முதலும் இவ்வசதி உள்ளது. இந்நிரல்கள் பட்டியலில் மற்றவற்றோடு சேர்ந்தே நிற்கும். எவை தேடும் நிரல்கள், எவை பயணிகள் என்பதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். 2018க்கு முன் சரியாக இருந்த வினா, அதன்பின் ஒரு சொல்லும் மாறாமலே தவறாகிவிடக்கூடும்.

அட்டவணையின் ஒரு பகுதிக்கு மட்டும் அமைந்த அடைவுகளும் உண்டு. தேறாதவர்களின் நிரைகளுக்கு மட்டும் ஓர் அடைவு இருந்தால், நிரல்களின் பெயர்ப்பட்டியலில் அது முழு அடைவைப் போன்றே தோன்றும். இரட்டிப்பைத் தடுக்கும் அடைவும் அவ்வாறே. பதிவெண் இருமுறை வரக்கூடாது என்று காவல் காக்கும் அடைவை, வேறோர் அடைவு அதே நிரலில் தொடங்குகிறது என்பதற்காக நீக்கினால், வேகம் கெடாது, நம்பகமே கெடும்.

'பயன்படுகிறது' என்னும் சொல்

'அடைவில் பயன்படும் நிரல்கள்' என்று கேட்கும்போது இரண்டு வெவ்வேறு வினாக்கள் கலந்துவிடுவதையும் காண்கிறோம். ஒரு நிரல் ஓர் அடைவின் உறுப்பாக உள்ளதா என்பது ஒன்று. அந்த அடைவை யாரேனும் உண்மையில் பயன்படுத்துகிறார்களா என்பது மற்றொன்று. முதலாவது அமைப்பைப் பற்றியது. கேட்டலாக் விடை தரும். இரண்டாவது நடப்பைப் பற்றியது. அதற்குத் தனி எண்ணிக்கைப் பதிவுகள் உண்டு. எஸ்.கியூ.எல். சர்வரில் இவ்வெண்ணிக்கை, சேவையை நிறுத்தித் தொடங்கும்போது சுழியிலிருந்து மீண்டும் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு முடிவின்போது மட்டும் உழைக்கும் அடைவு, மற்ற மாதங்களில் சோம்பேறியாகத் தோன்றும். எத்தனை நாள் அளந்தோம் என்று கூறாத அளவீட்டை ஆய்வுக்கூடத்தில் நாம் ஏற்பதில்லை. இங்கும் ஏற்கலாகாது.

தீர்ப்பு

ஒரு நிரலுக்கு ஒரு நிரை, அதனுடன் வரிசை எண் என்னும் அமைப்பே சிறந்தது. ஆரக்கிளும் மை எஸ்.கியூ.எல்.லும் இதில் முன்னிற்கின்றன. எஸ்.கியூ.எல். சர்வர் கோட்பாட்டில் தூயது. இணைப்பில் கவனம் கோருவது. போஸ்ட்கிரெசின் எண்சரம் இயந்திரத்தின் வசதிக்கு ஏற்றது. கேட்கும் மனிதருக்கு ஏற்றதன்று. அடைவை உருவாக்கும் கட்டளையை முழுவதுமாகத் திருப்பித் தரும் ஒரு வசதி அதில் இருப்பது ஆறுதல். கணக்கீடு, பகுதி வரம்பு, வரிசை யாவும் அக்கட்டளையில் இருக்கும். மனிதர் படித்தறிய அது நன்று. ஆனால் நூற்றுக்கணக்கான அடைவுகளை ஒப்பிட உதவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுத் தரநிர்ணயத்தில் அடைவுகளுக்கு ஓர் எளிய பட்டியலைச் சேர்ப்பதே முறை. அடைவை உருவாக்கும் கட்டளை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடட்டும். உள்ளதைக் காட்டும் பட்டியலாவது ஒன்றாக இருக்கட்டும்.

அது வரும்வரை, எந்த வினாவை எங்கிருந்து எடுத்தாலும் ஐந்து கேள்விகளால் அதைச் சோதியுங்கள். நிரல்களின் வரிசையைத் தருகிறதா? கணக்கீட்டின் மீது அமைந்த அடைவைக் காட்டுகிறதா? உடன் செல்லும் நிரல்களைப் பிரித்துக் காட்டுகிறதா? பகுதி அடைவை முழு அடைவிலிருந்து வேறுபடுத்துகிறதா? இரட்டிப்பைத் தடுக்கும் அடைவைச் சுட்டுகிறதா?

இதைச் செய்து பார்க்கப் பெரிய கணிப்பொறி தேவையில்லை. எஸ்.கியூ.லைட் இலவசமாகக் கிடைக்கிறது. மேற்சொன்ன தேர்வு அட்டவணையை உருவாக்கி, (பருவம், பாடம்), (பாடம், பருவம்) என இரு அடைவுகளும், மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்த ஈவின் மீது ஓர் அடைவும் அமையுங்கள். பின்னர் 'ப்ராக்மா இண்டெக்ஸ் இன்ஃபோ' என்னும் கட்டளையால் ஒவ்வொன்றையும் கேளுங்கள். முதல் இரண்டில் வரிசை எண்கள் எவ்வாறு மாறுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதையும், அதன் அருகில் −2 என்னும் எண் நிற்பதையும் காண்பீர்கள். விடை தெரிந்த ஓர் அமைப்பில் வினாவை முதலில் ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே விடை தெரியாத அமைப்பில் பயன்படுத்துவது நல்லது. புதிய கருவியைத் தெரிந்த அளவால் சரிபார்க்கும் ஆய்வுக்கூடப் பழக்கம் கணிப்பொறித் துறைக்கும் அப்படியே பொருந்தும்.